ஒரு மேற்கு ஆப்பிரிக்க ராப் கலைஞரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதும் முறை

காவிரிப் படுகையில் கல்லூரி மலர்களுக்கும் நூலக வாசகர் வட்டக் கூட்டங்களுக்கும் இசையைப் பற்றி எழுதித் தரும் இளைஞர்கள், இப்போது ராப் கலைஞர்களைப் பற்றியும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ் ராப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களின் காது அமெரிக்காவைத் தாண்டி கானா, நைஜீரியா, செனகல் என்று நகர்வது இயல்பானது, மிகவும் வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் அப்படி எழுதப்படுபவற்றில் நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன: இயற்பெயர், பிறந்த நாள், முதல் இசைத் தொகுப்பு, பிறகு விருதுகளின் நீண்ட வரிசை. அந்தக் கலைஞர் எந்த ஊரில் நின்று, எந்த மொழியில், யாருக்காகப் பாடினார் என்பது கடைசி வரி வரை தெரிவதில்லை.

ராப் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை, அவருடைய ஊரின் வானொலி, அவர் தேர்ந்துகொண்ட மொழி, அவர் பாட்டைக் கேட்டவர்களின் அன்றாடப் பாடு ஆகிய மூன்றின் வழியாகவே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விருதுகள் அதற்குப் பின்னால் வரட்டும். அதைச் செய்யும் முறையை, கானா நாட்டின் புகழ்பெற்ற ராப் கலைஞரான சார்கோடியை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். வேறொரு கலைஞரை எடுத்துக்கொள்பவருக்கும் முறை இதுவேதான்.

முதலில் ஒரே நாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்

மேற்கு ஆப்பிரிக்கா என்பது பதினாறு நாடுகள் கொண்ட நிலப்பரப்பு. செனகலில் வோலோஃப் மொழியிலும் பிரெஞ்சிலும் பாடுகிறார்கள்; 1989-இல் டக்கார் நகரில் பாசிட்டிவ் பிளாக் சோல் குழுவைத் தொடங்கிய டிடியே அவாடியின் கதை அந்த மண்ணுக்கு உரியது. நைஜீரியாவின் ஒலமிடே யொரூபா மொழியில் பாடிப் பெயர் பெற்றவர். புர்கினா ஃபாசோவின் ஸ்மோக்கி, 2014-இல் அந்நாட்டு அதிபரைப் பதவியிலிருந்து இறக்கிய மக்கள் எழுச்சியில் முன்வரிசையில் நின்றவர். இவர்களையெல்லாம் ஒரே கட்டுரையில் அடைத்தால் எவருக்கும் நியாயம் செய்ய முடியாது. ஒரு நாடு, ஒரு நகரம், ஒரு கலைஞர் என்று சுருக்கிக்கொண்டால்தான் ஆழம் போக முடியும்.

கலைஞருக்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் படியுங்கள்

எழுத உட்காரும் முன்பு அந்த நாட்டின் இசை வரலாற்றில் கலைஞர் பிறப்பதற்குச் சற்று முன்னிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். பலர் தாண்டிச் செல்லும் இந்தப் பகுதியில்தான் காரணங்கள் எல்லாம் கிடைக்கின்றன.

கானாவின் சொந்த இசை ஹைலைஃப். கித்தாரும் ஊதுகுழல்களும் உள்ளூர்த் தாளமும் கலந்த அந்த இசை, 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்ற காலத்தில் அந்நாட்டின் பெருமிதக் குரலாகவே இருந்தது. 1981 டிசம்பர் 31 அன்று ஜெர்ரி ராலிங்ஸ் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்தார். அதைத் தொடர்ந்து 1982 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவு ஊரடங்கு நீடித்தது. இரவில் மேடையேறிப் பிழைத்த வாத்தியக் குழுக்களுக்கு அது பேரிடி. இசைக் கருவிகளின் மீதான கடுமையான இறக்குமதி வரியும் சேர்ந்துகொள்ள, கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஜெர்மனிக்குச் சென்றவர்கள் அங்கே கணினித் தாளத்தோடும் மின்னணு விசைப்பலகையோடும் ஹைலைஃபைக் கலந்து பாடியது ‘பர்கர் ஹைலைஃப்’ என்று பெயர் பெற்றது. முழு வாத்தியக் குழு இல்லாமலே பாட்டு உருவாக்கலாம் என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது. பிற்காலத்தில் ஓர் இளைஞர் கையில் ஒலிவாங்கியும் ஒரு தாளத் தடமும் இருந்தால் போதும் என்ற நிலை வருவதற்கு இதுவும் ஒரு படிக்கட்டு.

அடுத்த திருப்பம் வானொலி. 1992-இல் புதிய அரசியலமைப்பு வந்து பல கட்சி ஆட்சிமுறை திரும்பியது. 1995 முதல் தனியார் பண்பலை வானொலிகளுக்கு உரிமம் கிடைத்தது. அதுவரை அரசு வானொலி ஒன்றே கேட்டுவந்த நாட்டில் திடீரென்று பல அலைவரிசைகள் முளைத்தன. அவற்றுக்கு நாள் முழுவதும் ஒலிபரப்பப் பாட்டுகள் தேவைப்பட்டன. சரியாக அந்த வேளையில்தான், லண்டனில் வாழ்ந்துவிட்டு 1994-இல் கானா திரும்பியிருந்த ரெஜி ராக்ஸ்டோன், அமெரிக்க ஹிப்ஹாப் தாளத்தின் மேல் கானாவின் ட்வி மொழியில் ராப் பாடிக் காட்டினார். 1997-இல் அவருடைய ‘மக்கா மக்கா’ தொகுப்பு வெளிவந்தது. ஹிப்ஹாப்பும் ஹைலைஃபும் இணைந்த அந்த இசைக்கு ‘ஹிப்லைஃப்’ என்று பெயர் நிலைத்தது. 1999-இல் ஒப்ராஃபோர் வெளியிட்ட ‘பே மு கா’ தொகுப்பு, ட்வி மொழியின் பழமொழி வளத்தையும் செறிவான நடையையும் ராப்புக்குள் கொண்டுவந்தது. தாய்மொழி ராப் என்பது ஆங்கிலம் வராதவர்களின் மாற்று ஏற்பாடு என்று எண்ணியவர்களின் வாயை அந்தத் தொகுப்பு அடைத்துவிட்டது.

சார்கோடி இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த சிறுவன். ஒப்ராஃபோர் போன்றோர் திறந்துவிட்ட கதவு வழியாக அவர் உள்ளே வந்தார் என்று எழுத வேண்டுமானால், அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை நீங்கள் ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஊரை எழுதுங்கள்

சார்கோடியின் இயற்பெயர் மைக்கேல் ஒவுசு அடோ. அவருடைய ஊர் தெமா. தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே உள்ள துறைமுக நகரம். ‘துறைமுக நகரம்’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டால், படிப்பவர் மனத்தில் எந்தத் துறைமுகமும் விரியாது. கடலோரத்தில் மீன்பிடித்து வாழ்ந்த கா இன மக்களின் சிற்றூரை அப்புறப்படுத்திவிட்டு, அதே இடத்தில் கானாவின் விடுதலைத் தலைவர் குவாமி நுக்ரூமாவின் அரசு திட்டமிட்டுக் கட்டிய நகரம் அது. துறைமுகம் 1962-இல் திறக்கப்பட்டது. நகரம் ‘கம்யூனிட்டி ஒன்று’, ‘கம்யூனிட்டி இரண்டு’ என்று எண்ணிட்ட குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டது. வேலை தேடி நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்கள் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினார்கள். கா மக்களின் மண்ணில் ட்வி மொழி தெருவில் புழங்கும் பொதுமொழியாகப் பரவியதற்கு இந்தக் குடியேற்றமும் ஒரு காரணம். சார்கோடி ‘கம்யூனிட்டி ஒன்பது’ பகுதிப் பையன் என்று தன்னை அடையாளப்படுத்திக்கொள்வதன் பொருளும் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். (இங்கிலாந்தின் கிரீனிச் வழியாகச் செல்லும் பூஜ்ஜியத் தீர்க்கரேகை தெமாவையும் தொட்டுச் செல்கிறது, புவியியல் மாணவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

அந்த ஊரின் வானொலியான அடோம் எஃப்.எம். ட்வி மொழியில் ஒலிபரப்பியது. அதில் ‘கசஹாரே லெவல்’ என்ற நிகழ்ச்சி நடந்தது. கசஹாரே என்பது ட்வியில் மிக விரைவாகச் சொற்களைப் பொழியும் ராப் முறை. இளைஞர்கள் ஒருவருக்கொருவர் எதிரே நின்று, அந்த இடத்திலேயே கட்டிப் பாடி மோதிக்கொள்ளும் போட்டி அது. சார்கோடி பெயர் பெற்றது அந்தப் போட்டியில்தான்.

இந்த இடத்தில் நம் வாசகருக்கு ஓர் ஒப்புமை தேவைப்படும். அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையின்போது நடக்கும் லாவணியை இளமையில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று இன்னொரு கட்சியும், தோற்கருவியைத் தட்டிக்கொண்டு பாட்டாலேயே கேள்வி கேட்டு, பாட்டாலேயே விடை சொல்லி விடியும்வரை மோதிக்கொள்வார்கள். எதிராளியின் பாட்டு முடியும் அந்த நொடிக்குள் பதில் கட்டத் தெரியாதவர் அங்கே நிற்க முடியாது. கசஹாரே போட்டியில் இருந்த நெருக்கடியை இந்த ஒன்றைச் சொன்னால் திருவையாற்று வாசகர் உடனே பிடித்துக்கொள்வார். ஆனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்திக்குப் பத்தி நம் ஊர்க் கலைகளைக் கொண்டுவந்து ஒட்டினால், கடைசியில் கட்டுரை கானாவைப் பற்றியதா, கும்பகோணத்தைப் பற்றியதா என்ற ஐயம் வந்துவிடும்.

கைத்தாளம் போட்டுக் கேளுங்கள்

மொழி புரியாத பாட்டைப் பற்றி எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். புரியாத மொழியிலும் கேட்டு அறியக்கூடியவை ஏராளமாக இருக்கின்றன. கேட்கும் முறைதான் வேண்டும்.

ஒரு பாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் முறை எதையும் எழுதாமல் முழுவதும் கேளுங்கள். இரண்டாம் முறை கையால் தாளம் போடுங்கள். பெரும்பாலான ராப் பாட்டுகள் நான்கு நான்காக எண்ணும்படி அமைந்திருக்கும், ஆதிதாளம் போடப் பழகிய கைக்கு அது கடினமாக இருக்காது. தாளம் நிலைத்தபின், ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் எத்தனை அசைகள் விழுகின்றன என்று கவனியுங்கள். சார்கோடியின் தனித்திறன் என்று பலரும் சொல்வது இந்த இடத்தில்தான் வெளிப்படும். நிதானமாகப் பேசுவதுபோல் தொடங்கி, தாளத்தின் வேகம் சற்றும் மாறாமலே அசைகளை இரட்டிப்பாக்கி, மூச்சுவிடும் இடம் தெரியாதபடி ஓடி, மறுபடியும் தட்டின் மேலேயே வந்து நிற்பார். ‘அவர் வேகமாகப் பாடுவார்’ என்ற பொதுச் சொல்லுக்குப் பதிலாக, எந்த இடத்தில் வேகம் கூடுகிறது, எங்கே சட்டென்று நிறுத்துகிறார், நிறுத்திய இடத்தில் தாளம் மட்டும் எவ்வளவு நேரம் தனியே ஒலிக்கிறது என்று எழுதினால், பாட்டைக் கேளாதவருக்கும் அது கேட்கும்.

மூன்றாம் முறை குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். ட்வி தொனிமொழி. ஒரே ஒலி வரிசையை உயர்ந்த தொனியில் சொன்னால் ஒரு பொருளும், தாழ்ந்த தொனியில் சொன்னால் வேறொரு பொருளும் வரக்கூடும். ட்வி பேசும் அக்கான் மக்களின் ‘அட்டும்பன்’ என்ற பேசும் முரசு இந்தத் தன்மையின் மேல்தான் நிற்கிறது: உயர்ந்த ஒலி தரும் முரசு ஒன்று, தாழ்ந்த ஒலி தரும் முரசு ஒன்று, இவ்விரண்டையும் மாற்றி மாற்றி அடித்தே பழமொழிகளையும் அரசர்களின் புகழ்ப்பெயர்களையும் ‘பேசிவிடுவார்கள்’. அப்படிப்பட்ட மொழியில் ராப் பாடுபவர், பொருள் கெடாமல் தொனியையும் காக்க வேண்டும், தாளத்தையும் காக்க வேண்டும். சார்கோடியின் குரலில் ஒரு மெல்லிய இசை இழை ஓடுவதாகத் தோன்றினால், அதில் பாதி அவர் மொழிக்கு உரியது.

இதற்கெல்லாம் ஒரு நீளக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டு, முதல் பத்தியில் பாட்டின் நிமிடமும் நொடியும், இரண்டாவதில் மொழி, மூன்றாவதில் நீங்கள் கேட்டது, நான்காவதில் யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டியது என்று குறித்து வாருங்கள். மொழிப் பத்தி மிக முக்கியம். கானாவின் பாட்டுகளில் ட்வி, கா, ஆங்கிலம், தெருவில் பேசும் கலப்பு ஆங்கிலமான பிஜின் ஆகியவை ஒன்றோடொன்று கலந்து வரும். 2009-இல் வெளிவந்த ‘மாச்சே’ என்ற முதல் தொகுப்பு முதலே சார்கோடி ராப்பை ட்வியில் வைத்துக்கொண்டு, மற்ற மொழிகளைத் தேவைக்கு ஏற்ப எடுத்தாள்கிறார். எந்த வரியில் எந்த மொழிக்கு மாறுகிறார் என்பதைக் குறித்தால், அந்த வரியை அவர் யாரை நோக்கிப் பாடுகிறார் என்பது தானாகவே புலப்படத் தொடங்கும்.

பொருளை அறியும் வழி

இணையத்தில் கிடைக்கும் பாட்டு வரிகள் பெரும்பாலும் இரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை. ட்வி எழுத்துமுறையில் உள்ள தனி உயிரெழுத்துகளைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாக மாற்றிவிடுவதால் பொருள் குழம்பும். இயந்திர மொழிபெயர்ப்பு அதன் மேல் இன்னொரு அடுக்குக் குழப்பத்தை ஏற்றும். ஆகவே மனிதரைத் தேடுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். நம் படுகையிலும் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் என்று வெளிநாடு சென்று திரும்பியவர்கள் நிறைந்த ஊர்கள் இருக்கின்றன. கானாவிலோ நைஜீரியாவிலோ வேலை பார்த்தவர் ஒருவர் விசாரித்தால் கிடைக்கக்கூடும். அவருக்கு ட்வி தெரியாவிட்டாலும், சந்தையிலும் பேருந்திலும் எந்தப் பாட்டு ஒலித்தது, கடைக்காரர் எந்த மொழியில் பேரம் பேசினார் என்பதைச் சொல்வார். அது புத்தகத்தில் கிடைக்காத செல்வம்.

ட்வி தெரிந்தவரிடம் கேட்கும்போது முழுப் பாட்டையும் மொழிபெயர்த்துத் தரச் சொல்லாதீர்கள். அது அவருக்குச் சுமை, உங்களுக்கும் தேவையில்லை. குறிப்பேட்டின் நான்காம் பத்தியில் உள்ள ஐந்தாறு வரிகளை மட்டும் கேளுங்கள். ‘இது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடிய பேச்சா, நண்பர்களிடம் மட்டும் சொல்லக்கூடியதா?’ என்றும் கேளுங்கள். ஒரு வரியின் மரியாதை நிலை தெரியாமல் அதைத் தமிழாக்கினால், கண்ணியமான மனிதரைக் கொச்சையாகவும், கொச்சையான வரியைப் பாசுரம் போலவும் காட்டிவிடுவோம். பாட்டு வரிகளை நீளமாக எடுத்து அச்சிடாமல், உள்ளடக்கத்தை உங்கள் நடையில் சொல்வதே உரிமை நோக்கிலும் நல்லது, நடை நோக்கிலும் நல்லது.

தொழில் வாழ்க்கையில் திருப்பங்களை மட்டும் எடுங்கள்

ஆண்டுவாரியாக எல்லாத் தொகுப்புகளையும் அடுக்குவது எளிது, ஆனால் எதுவும் மனத்தில் தங்காது. ‘மாச்சே’ 2009, ‘ராப்பர்ஹாலிக்’ 2012, ‘சார்காலஜி’ 2014-ஐ ஒட்டி, ‘மேரி’ 2015, ‘ஹையஸ்ட்’ 2017, ‘பிளாக் லவ்’ 2019, ‘நோ பிரஷர்’ 2021, ‘ஜாம்ஸ்’ 2022 என்ற வரிசையை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு, கட்டுரையில் மூன்று நான்கு இடங்களில் மட்டும் நில்லுங்கள்.

முதல் இடம் 2010. முதல் தொகுப்பு வந்த மறு ஆண்டே கானா இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த கலைஞராகச் சார்கோடி தேர்ந்தெடுக்கப்பட்டார். வானொலிப் போட்டி மேடையிலிருந்து வந்த ட்வி ராப் கலைஞரை ஒரு நாடு இவ்வளவு விரைவில் தலையில் தூக்கி வைத்தது என்பதே இங்கு செய்தி. இரண்டாம் இடம் 2012. அஸோன்டோ என்ற நடனம் அக்ரா, தெமா பகுதித் தெருக்களிலிருந்து கிளம்பி லண்டன் வரை பரவிய காலம் அது. இ.எல். என்ற கலைஞருடன் சேர்ந்து சார்கோடி பாடிய ‘யூ கோ கில் மி’ அந்த அலையின் மேல் ஏறிச் சென்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் பி.இ.டி. தொலைக்காட்சி நடத்தும் விருது விழாவில் ஆப்பிரிக்காவுக்கான சிறந்த பன்னாட்டுக் கலைஞர் விருதை நைஜீரியாவின் விஸ்கிட்டுடன் பகிர்ந்துகொண்டார். 2019-இல் பி.இ.டி. ஹிப்ஹாப் விருது விழாவில் ‘சிறந்த பன்னாட்டு ராப் நடை’ என்ற புதிய பிரிவு தொடங்கப்பட்டபோது, அதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு மட்டுமே உலக மேடை என்ற நம்பிக்கை நிலவிய துறையில், பெரும்பாலும் ட்வியில் பாடிய ஒருவர் அதைப் பெற்றார் என்று எழுதினால்தான் அந்த விருதுக்குக் கட்டுரையில் இடம் உண்டு.

நான் மிக விரும்பி எழுதச் சொல்வது 2015-இன் ‘மேரி’ தொகுப்பைப் பற்றித்தான். மேரி என்பது சார்கோடியின் பாட்டியின் பெயர். அவருக்கே அது காணிக்கை. கணினித் தாளத்தில் பேர் எடுத்திருந்த ஒரு ராப் கலைஞர், புகழின் உச்சத்தில் இருந்தபோது, நேரடி வாத்தியங்களை வைத்து ஒரு முழுத் தொகுப்பு செய்தார். கித்தாரும் ஊதுகுழலும் மீண்டும் வந்தன. அந்த ஒலியில் ஹைலைஃப் மணம் வீசியது. முன்பு நீங்கள் ஊரடங்கைப் பற்றியும் கலைந்துபோன வாத்தியக் குழுக்களைப் பற்றியும் எழுதியிருந்தால், இந்தத் தொகுப்பு வெறும் பாசக் காணிக்கையாக நின்றுவிடாமல், பாட்டி கேட்ட இசைக்குப் பேரன் திரும்பிச் சென்ற பயணமாக வாசகருக்குப் புலப்படும்.

மக்களின் அன்றாட வாழ்க்கையை மறக்காதீர்கள்

2014-இல் கானாவின் நாணயமான ‘செடி’யின் மதிப்பு கடுமையாகச் சரிந்தது, விலைவாசி ஏறியது. அந்த ஆண்டு ‘இன்ஃப்லேஷன்’ என்ற பெயரிலேயே சார்கோடி ஒரு பாட்டு வெளியிட்டார். விலையேற்றத்தைப் பற்றிப் பாடும் பாட்டை விளக்க, அந்நாட்டில் அப்போது நடந்தவற்றைச் சொல்ல வேண்டும். 2012 முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கானா மக்கள் ‘டும்சோர்’ என்று பெயரிட்டு அழைத்த மின்வெட்டு நாட்டை வாட்டியது. 2012-இல் மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாய் கடலடியில் சேதமடைந்து எரிவாயு வரத்து நின்றதும், வோல்டா ஆற்றின் குறுக்கே 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கொசொம்போ அணையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் அதற்கு முக்கியமான காரணங்கள். 2015 மே மாதத்தில் நடிகை இவோன் நெல்சன் முன்னின்று அழைத்து, அக்ராவில் பொதுமக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நடந்தார்கள்.

மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று காலையில் செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்து, ஜூன் 12-இல் தண்ணீர் திறக்குமா என்று குறுவைக்குக் காத்திருக்கும் வாசகருக்கு, அணையில் நீர் இறங்கினால் வீட்டில் என்ன இறங்கும் என்பதை நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. அணையின் பெயரையும் காரணத்தையும் சொன்னால் போதும், மீதியை அவர் எடுத்துக்கொள்வார்.

பெயர்களும் நாட்களும்

பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்காதீர்கள். அந்நாட்டு வானொலி நேர்காணலில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஒருமுறை எழுதிய வடிவத்தைக் கடைசிவரை மாற்றாதீர்கள். அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடும் வழக்கம் உண்டு: வெள்ளிக்கிழமை பிறந்த ஆணுக்குக் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவருக்குக் குவாமி. கோஃபி அன்னான், குவாமி நுக்ரூமா என்ற பெயர்களை அறிந்த வாசகர் இந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு ஏற்பார்.

சார்கோடியின் பிறந்த நாள் ஜூலை 10. ஆண்டு பல இடங்களில் 1985 என்றும் சில இடங்களில் 1988 என்றும் அச்சாகியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றை ஊகித்து எழுதி, அதிலிருந்து ‘இருபத்து மூன்று வயதிலேயே’ என்று வாக்கியம் கட்டுவது பெரும் தவறு. வயதைச் சார்ந்து எந்த வாதத்தையும் வைக்காமல் எழுதினால் கட்டுரைக்கு ஒரு குறையும் வராது.

துயரத்தை எழுதும்போது மிகுந்த அடக்கம் வேண்டும். சார்கோடியின் ‘அடோனாய்’ பாட்டின் மறுவடிவத்தில் சேர்ந்து பாடியவர் கானா பாடகர் காஸ்ட்ரோ. 2014 ஜூலையில், வோல்டா ஆறு கடலில் கலக்கும் அடா என்ற இடத்தில் காஸ்ட்ரோ காணாமற்போனார். பிறகு அவர் திரும்பவில்லை. இதை இரண்டு வாக்கியங்களில் நாளும் இடமும் சொல்லி நிறுத்துங்கள். ஊகங்களும் வதந்திகளும் அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கொடுமையைக் கடல் கடந்து நாமும் சேர்ந்து செய்யக் கூடாது. கலைஞரின் மனைவி, குழந்தைகள் பற்றிய செய்திகளுக்கும் இதே அளவுகோல்தான்.

ஆப்பிரிக்கக் கலைஞர் என்றாலே வறுமையிலிருந்து எழுந்த கதையாக எழுதும் வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இதை நான் வலுவாக எதிர்க்கிறேன். சார்கோடி பள்ளிப் படிப்புக்குப் பின் வரைகலை வடிவமைப்பு பயின்றவர். சார்க்சஸ் மியூசிக் என்ற சொந்த இசை நிறுவனத்தை நடத்துபவர். கிறிஸ்துமஸ் காலத்தில் ‘ராப்பர்ஹாலிக்’ என்ற பெயரில் பெரிய இசை நிகழ்ச்சி நடத்திவருபவர். உழைப்பையும் நிர்வாகத் திறனையும் எழுதுங்கள். இரக்கத்தை அவர் நம்மிடம் கேட்கவில்லை.

வாக்கியம் எப்படி அமைய வேண்டும்

ஒரு சிறு எடுத்துக்காட்டு. ‘உலகப் புகழ் பெற்ற சார்கோடி தன் மின்னல் வேகக் குரலால் எண்ணற்ற விருதுகளைக் குவித்து இளைஞர்களின் இதயங்களைக் கொள்ளை கொண்டார்’ என்று ஒரு வரைவில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இதில் கானாவும் இல்லை, பாட்டும் இல்லை. அதையே, ‘தெமாவின் ட்வி மொழி வானொலியில் நேருக்கு நேர் பாடி மோதும் போட்டிகளில் பழகிய நாவோடு 2009-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட சார்கோடி, மறு ஆண்டே கானாவின் ஆண்டின் சிறந்த கலைஞரானார்’ என்று எழுதினால், ஊர், மொழி, ஊடகம், காலம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன; புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. உங்கள் வரைவில் உள்ள ஒவ்வொரு புகழ்ச்சி வாக்கியத்தையும் இப்படி மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியாத வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.

வாசகர் வட்டத்தில் படிக்கும்போது

கட்டுரையைக் கூட்டத்தில் படிப்பதாக இருந்தால் பாட்டுகளையும் ஒலிக்கச் செய்ய வேண்டும். கைப்பேசியின் ஒலி நூலகக் கூடத்துக்குப் போதாது. சிறிய ஒலிபெருக்கி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு, கூட்டம் தொடங்கும் முன்பே ஒலியளவைச் சரிபார்த்துவிடுங்கள். பழைய கித்தார் ஹைலைஃப் ஒரு நிமிடம், ஒப்ராஃபோர் ஒரு நிமிடம், பிறகு சார்கோடி என்ற வரிசையில் கேட்கவைத்தால், மூன்று தலைமுறைகளின் தொடர்ச்சியை அவையினர் உங்கள் விளக்கத்துக்கு முன்பே உணர்வார்கள். பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். ‘இது பாட்டா, பேச்சா?’ என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை மதித்து, எல்லோரையும் கைத்தாளம் போடச் சொல்லி, அதே பகுதியை மறுபடியும் ஒலிக்கவிடுங்கள். விடை அவர்கள் கையிலேயே கிடைக்கும்.

அச்சுக்கோ இணையத்துக்கோ அனுப்பும் முன், ட்வி தெரிந்த அந்த நண்பருக்குக் கட்டுரையின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லி, தவறுகளைத் திருத்தச் சொல்லுங்கள். அவர் பெயரை வெளியிடலாமா என்று கேட்டு, ஒப்பினால் நன்றி தெரிவியுங்கள். சார்கோடி இன்னும் பாடிக்கொண்டிருப்பவர். ஆகவே கட்டுரையின் அடியில் எழுதிய மாதத்தையும் ஆண்டையும் குறியுங்கள், புதிய தொகுப்பு வரும்போது சேர்க்க வேண்டியதைக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள்.